‘முதல் கணினி எது’ என்ற கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு கணினி வரலாறு படிப்பது எப்படி

கணினி வரலாறு என்று ஒரு எலெக்டிவ் இருக்கிறதே, கோடிங் கிடையாது, கணக்கு கிடையாது, கதை மாதிரி படித்துவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்து எடுப்பவர்கள் நிறைய. இன்னொரு பக்கம், வரலாற்றுத் துறையிலிருந்து வருகிறவர்கள் ‘எனக்கு பைனரிகூடத் தெரியாதே’ என்று பயந்துகொண்டே வந்து உட்காருகிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். முதல் ரகத்துக்கு நான் சொல்வது, இது ஆவணம் படிக்கிற பாடம், கதை கேட்டுவிட்டுப் போக முடியாது. இரண்டாவது ரகத்துக்கு, உங்களுக்குத் தேவையான பைனரி (0, 1 இரண்டை மட்டும் வைத்து எண்ணும் முறை) ஒரு சாயங்காலத்தில் வந்துவிடும். ஆனால் ஒரு தாளைக் கையில் எடுத்தால் இதை யார், எப்போது, யாருக்காக எழுதினார்கள் என்று கேட்கிற பழக்கம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அது பொறியியல் மாணவர்களுக்கு வருவதற்குப் பாதி செமஸ்டர் ஆகிவிடும்.

எல்லோரும் மாட்டிக்கொள்வது ‘முதல்’ என்ற இடத்தில்தான். முதல் கணினி எது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும், எல்லாப் பதிலுக்கும் ஓரளவு நியாயமும் இருக்கும். கொன்ராட் சூசே பெர்லினில் 1941இல் இயக்கிக்காட்டிய இசட்3 தானாக இயங்கியது, புரோகிராமை ஓட்டை போட்ட ஃபிலிம் சுருளிலிருந்து படித்தது, ஆனால் ரிலே என்ற மின்காந்த சுவிட்சுகளால் ஆனது, எலெக்ட்ரானிக் இல்லை. அயோவாவில் அட்டனசாஃபும் அவருடைய மாணவர் பெர்ரியும் 1939 முதல் 1942 வரை கட்டியது எலெக்ட்ரானிக், ஆனால் நேரியல் சமன்பாடுகளைத் தீர்ப்பதற்கு மட்டுமே, புரோகிராம் போட முடியாது. டாமி ஃப்ளவர்ஸ் இங்கிலாந்தில் உருவாக்கிய கொலோசஸ் ஜெர்மன் ரகசியச் செய்திகளை உடைப்பதற்காக 1944 தொடக்கத்தில் பிளெட்ச்லி பார்க்கில் வேலையைத் தொடங்கியது, எலெக்ட்ரானிக், ஓரளவு மாற்றியமைக்கலாம், ஆனால் பொதுப் பயன்பாட்டுக்கு இல்லை. 1946 பிப்ரவரியில் உலகத்துக்கு அறிவிக்கப்பட்ட எனியாக் எலெக்ட்ரானிக், பொதுப் பயன்பாட்டுக்கும் உரியது, ஆனால் புதுக் கணக்கு போட வேண்டுமென்றால் கேபிள்களைப் பிடுங்கி வேறு இடத்தில் செருக வேண்டும். புரோகிராமையே நினைவகத்தில் வைத்து ஓட்டியது 1948 ஜூன் 21 அன்று மான்செஸ்டரில், அதுவும் ‘பேபி’ என்ற ஒரு சோதனை இயந்திரம். அந்த மாதிரி இயந்திரத்தை மற்றவர்கள் தினசரி வந்து பயன்படுத்தும் சேவையாக நடத்தியது என்றால் 1949 மே மாதம் ஓடத் தொடங்கிய கேம்பிரிட்ஜின் எட்சாக்.

இதைப் பார்த்தால் உங்களுக்கே புரியும், ஒவ்வொரு ‘முதல்’ முன்னாலும் மூன்று நான்கு அடைமொழிகள் ஒளிந்திருக்கின்றன. முதல் வாரமே ஒரு பெரிய தாளை எடுத்து ஒரு அட்டவணை போட்டுவிடுங்கள். இடது பக்கம் இயந்திரங்கள், மேலே கேள்விகள்: எலெக்ட்ரானிக்கா, புரோகிராம் மாற்றலாமா, புரோகிராம் நினைவகத்தில் இருந்ததா, பொதுப் பயன்பாட்டுக்கா, யார் காசு கொடுத்தார்கள், யார் அன்றாடம் இயக்கினார்கள், எப்போது வெளியுலகத்துக்குத் தெரிந்தது. கடைசி மூன்று கேள்விகளைப் பெரும்பாலானவர்கள் போட மாட்டார்கள். செமஸ்டர் முழுக்க உங்களுக்கு விஷயம் கொடுக்கப்போவது அந்த மூன்றும்தான், அதனால் அந்தக் கட்டங்களை அகலமாக விடுங்கள்.

உதாரணத்துக்கு, எப்போது தெரிந்தது என்ற கட்டம். கொலோசஸ் இருந்ததே 1970களின் நடுப்பகுதி வரை ரகசியம். அப்படியானால் 1960களில் எழுதப்பட்ட ஒரு கணினி வரலாற்றில் அது இருக்காது, எழுதியவர் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும். எந்தப் புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்தாலும் உள்ளே போவதற்கு முன் பதிப்பு ஆண்டைப் பாருங்கள், அந்த ஆண்டில் எதெல்லாம் வெளியே வந்திருந்தது என்று யோசியுங்கள்.

நீதிமன்றத் தீர்ப்பு வேறு ஒரு பொறி. 1973 அக்டோபரில் அமெரிக்க நீதிபதி ஏர்ல் லார்சன், எனியாக்கின் காப்புரிமை செல்லாது, அதன் அடிப்படை அட்டனசாஃபிடமிருந்து பெறப்பட்டது என்று தீர்ப்பளித்தார். அதை வைத்து ‘கணினியைக் கண்டுபிடித்தவர் அட்டனசாஃப், கோர்ட்டே சொல்லிவிட்டது’ என்று விடைத்தாளில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நீதிமன்றம் தீர்த்தது ஒரு காப்புரிமை வழக்கை, ஹனிவெல் கம்பெனிக்கும் ஸ்பெரி ராண்ட் கம்பெனிக்கும் நடந்த காசு விவகாரத்தை. ஆனால் அந்த வழக்குக்காக இரண்டு தரப்பும் தோண்டி எடுத்து வைத்த கடிதங்கள், சாட்சியங்கள், நோட்டுப் புத்தகங்கள் வரலாறு படிப்பவருக்குப் புதையல். தீர்ப்பின் முடிவை மட்டும் பிடித்துக்கொண்டு அந்தக் குவியலை விட்டுவிடாதீர்கள்.

சரி, ஆவணங்களுக்கு வருவோம். எல்லாவற்றையும் படிக்க முடியாது, படிக்கவும் வேண்டாம். இரண்டு மூன்றை எடுத்து அழுத்தமாகப் படியுங்கள். ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1936இல் எழுதிய கட்டுரையை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிக்க உட்கார்ந்தால் மூன்றாவது நாள் பாடத்தையே விட்டுவிடத் தோன்றும். முதல் மூன்று பகுதிகளைப் படித்து அவர் கற்பனை செய்த கணக்கிடும் இயந்திரம் என்னவென்று தெரிந்துகொண்டு, நேராக ஒன்பதாவது பகுதிக்குப் போங்கள். கட்டம் போட்ட தாளில் கணக்குப் போடுகிற ஒரு மனிதர் என்னவெல்லாம் செய்கிறார் என்று அங்கே நிதானமாகப் பிரித்துக் காட்டுகிறார். அப்புறம் 1937இல் அவரே தன் கட்டுரையில் இருந்த தவறுகளுக்குத் திருத்தம் வெளியிட்டார் என்பதையும் சேர்த்துக்கொண்டால் ‘மேதை ஒரே மூச்சில் எழுதினார்’ என்ற படம் கலைந்துவிடும்.

இரண்டாவது, எனியாக்குக்கு அடுத்துத் திட்டமிட்ட எட்வாக் இயந்திரம் பற்றி 1945 ஜூன் தேதியிட்டு வந்த முதல் வரைவு அறிக்கை. இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் ‘வான் நியூமன் கட்டமைப்பு’ என்று படிக்கிறோமே, அதன் வேர். படிக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, வால்வு, சர்க்யூட் என்று பேசுவதைவிட மூளை நரம்புச் செல்லைப் பற்றிப் பேசுவது போல எழுதப்பட்டிருக்கிறது. இன்னொன்று, பிறகு நிரப்பலாம் என்று விட்ட வெற்றிடங்கள் அப்படியே கிடக்கின்றன, நிஜமாகவே வரைவுதான் அது. மூன்றாவதுதான் பெரிய விஷயம், மேலட்டையில் ஜான் வான் நியூமன் பெயர் மட்டும் இருக்கிறது. அந்தக் கருத்துகள் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் பள்ளியில், எனியாக்கை வடிவமைத்த எக்கர்ட், மாக்லி முதலியவர்களோடு பல மாதம் கூடிப் பேசியதில் உருவானவை. அந்தத் திட்டத்தில் ராணுவத்தின் சார்பில் இருந்த ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் அந்த வரைவைப் பிரதி எடுத்துப் பலருக்கும் அனுப்பிவிட்டார். அதன் விளைவு இரண்டு பக்கமும் பாருங்கள்: கருத்து வேகமாகப் பரவியது, இங்கிலாந்து வரைக்கும் போய் இயந்திரங்கள் கட்ட உதவியது, அதே சமயம் அது வெளியீடாகவே கருதப்பட்டதால் எக்கர்ட், மாக்லி இருவரின் காப்புரிமை நம்பிக்கையும் அடிபட்டது. ஒரு அட்டையில் இருக்கும் ஒரு பெயரிலிருந்து இவ்வளவு தூரம் போகலாம் என்பதால்தான் முதல் அசைன்மெண்டுக்கு இந்த ஆவணத்தை எல்லோருக்கும் சொல்வேன்.

மூன்றாவதாக ஏடா லவ்லேஸ். ‘உலகின் முதல் புரோகிராமர்’ என்ற போஸ்டர் வாசகத்தைப் பார்த்துவிட்டு அதோடு நின்றுவிடுகிறோம், 1843இல் அவர் வெளியிட்ட குறிப்புகளைத் திறப்பதில்லை. மெனப்ரேயா என்ற இத்தாலியப் பொறியாளர், ஆங்கிலேயரான சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட பகுப்பாய்வு இயந்திரம் பற்றி பிரெஞ்சில் எழுதிய கட்டுரையை மொழிபெயர்த்து, மூலத்தைவிட நீளமான குறிப்புகளைப் பின்னால் சேர்த்தார். கடைசிக் குறிப்பில் பெர்னூலி எண்கள் என்ற கணித வரிசையைக் கணக்கிடும் அட்டவணை வருகிறது. அதை ஒவ்வொரு படியாகக் கையால் போட்டுப் பாருங்கள். நான்காவது படியில் வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும் இடம் மாறிக் கிடக்கின்றன. அது அச்சுக்கோர்ப்பவர் தவறா, ஏடாவின் தவறா என்று வாதாடலாம். அந்தக் கணிதத்தில் பாபேஜின் பங்கு எவ்வளவு என்றும் வாதாடலாம்; பாபேஜே பிற்காலத்தில், அந்தப் பகுதியைத் தான் செய்து கொடுக்க முன்வந்ததாகவும் தான் செய்த ஒரு பெரிய பிழையை ஏடா கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியதாகவும் எழுதியிருக்கிறார். அட்டவணையை ஒருமுறை பேனாவால் போட்டவருக்கு இந்த வாதத்தில் பேச உரிமை வந்துவிடுகிறது, போஸ்டரை மட்டும் பார்த்தவருக்கு வராது.

இதையே இயந்திரத்திலும் செய்யுங்கள். மான்செஸ்டரின் ‘பேபி’க்கு இணையத்தில் இலவச எமுலேட்டர்கள், அதாவது அந்த இயந்திரத்தைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்கள் இருக்கின்றன, பிரவுசரிலேயே ஓடும். வரலாற்று மாணவர்களும் பயப்படாமல் இதைத் தொடலாம், ஏனென்றால் அந்த இயந்திரத்தில் மொத்தமே 32 ‘சொற்கள்’ (ஒரு எண்ணோ கட்டளையோ வைக்கும் இடங்கள்) நினைவகம், ஒவ்வொன்றிலும் 32 பிட் (0 அல்லது 1), கட்டளைகள் ஏழே ஏழு. ஒரு பக்கத்தில் முழு இயந்திரத்தையும் புரிந்துகொண்டுவிடலாம். உட்கார்ந்ததும் முதல் ஆச்சரியம், கூட்டுவதற்குக் கட்டளையே கிடையாது, கழிக்கத்தான் தெரியும். எண்ணை எடுக்கும்போதும் எதிர்மறையாக மாற்றித்தான் எடுக்கும். அப்படியானால் இரண்டு எண்களை எப்படிக் கூட்டுவது? முதல் எண்ணை எடுத்தால் அதன் எதிர்மறை வருகிறது, அதிலிருந்து இரண்டாவது எண்ணைக் கழித்தால் கூட்டுத்தொகையின் எதிர்மறை கிடைக்கிறது, அதை ஒரு இடத்தில் சேமித்து மறுபடி எடுத்தால் எதிர்மறையின் எதிர்மறை, கூட்டுத்தொகை வந்துவிட்டது. நான்கு கட்டளைகள். இன்னொரு எச்சரிக்கை, அந்த இயந்திரத்தில் பைனரி எண்ணை இடமிருந்து வலமாகக் குறைந்த மதிப்பிலிருந்து எழுதுவார்கள், நமக்குப் பழக்கமான வரிசைக்கு நேர் எதிர், அது தெரியாமல் போனால் விடை எதுவுமே பொருந்தாது.

கூட்டல் வந்த பிறகு, 1948இல் டாம் கில்பர்ன் எழுதிய அந்தப் புகழ்பெற்ற முதல் புரோகிராமை ஓட்டுங்கள். 2இன் 18ஆம் அடுக்கு, அதாவது 2,62,144 என்ற எண்ணுக்கு அதைத் தவிர்த்த மிகப் பெரிய காரணியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்று குறைத்து, அது வகுக்கிறதா என்று கழித்துக் கழித்தே பார்த்து, இல்லையென்றால் இன்னும் ஒன்று குறைத்து என்று போகும். விடை 1,31,072 என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், பாதிதானே. இயந்திரம் இதற்கு 52 நிமிடம் எடுத்துக்கொண்டது. ஏன் இப்படி ஒரு முட்டாள்தனமான கணக்கு என்று இந்த இடத்தில் கேட்காமல் தாண்டிப் போகிறவர்கள் முக்கியமான விஷயத்தைத் தவறவிடுகிறார்கள். ஃப்ரெடி வில்லியம்ஸும் கில்பர்னும் ஜெஃப் டூட்டிலும் பேபியைக் கட்டியது கணக்குப் போடுவதற்காக இல்லை, டிவி போன்ற கத்தோடு கதிர்க் குழாயின் திரையில் பிட்டுகளைச் சேமிக்கலாம் என்ற தங்கள் யோசனை தாங்குமா என்று சோதிக்கத்தான். லட்சக்கணக்கான முறை நினைவகத்தைத் தொட்டும் ஒரு பிட்கூட மாறாமல் விடை சரியாக வந்தால் யோசனை ஜெயித்தது என்று அர்த்தம். விடை முன்கூட்டியே தெரிந்த, நீளமான, திரும்பத் திரும்ப ஓடுகிற கணக்கு அதற்காகவே தேர்ந்தெடுத்தது. இந்த ஒரு விஷயத்தைத் தானாகக் கண்டுபிடிக்கும் மாணவர், அதன் பிறகு எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் ‘இது எவ்வளவு வேகம்’ என்று கேட்க மாட்டார், ‘இதைக் கட்டியவர்களுக்கு என்ன பிரச்சினை இருந்தது’ என்றுதான் கேட்பார். எனக்கு இந்தப் பாடத்தில் மிகப் பிடித்த இடமே அதுதான்.

வேலை செய்தவர்கள் யார் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் அட்டவணை பாதிதான். எனியாக்கைக் கட்டியது அமெரிக்க ராணுவத்தின் காசில், பீரங்கிக் குண்டு எங்கே விழும் என்ற அட்டவணைகளைக் கணக்கிட. சுமார் 18,000 வால்வுகள் கொண்ட அந்த இயந்திரத்துக்குக் கணக்கை அமைத்துக் கொடுத்தவர்கள் ஆறு பெண்கள்: கேத்லீன் மெக்நல்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன். கையேடு என்று ஒன்று கிடையாது, சர்க்யூட் வரைபடங்களைப் பார்த்துத் தாங்களே கற்றுக்கொண்டார்கள். 1946இல் நடந்த அறிமுக விழாவின் இரவு விருந்துக்கு அவர்களுக்கு அழைப்பு இல்லை. படங்களில் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறார்கள், படக்குறிப்பில் பெயர் இல்லை, பல பத்தாண்டுகளுக்கு அவர்கள் யாரென்று கேட்பதற்கும் ஆள் இல்லை. பழைய கணினிப் படம் ஒன்று கிடைத்தால் இயந்திரத்தைப் பார்ப்பதற்கு முன் அதில் இருக்கும் மனிதர்களைப் பாருங்கள், பெயர் போடப்படாதவர் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்படிப் பெயர் போடப்படாத ஒருவரை வைத்தே நல்ல டெர்ம் பேப்பர் எழுதலாம்.

மேற்கோள்களிடம் ஜாக்கிரதை. ‘உலகத்துக்கு ஐந்து கணினிகள் போதும்’ என்று ஐபிஎம் தலைவர் தாமஸ் வாட்சன் 1943இல் சொன்னதாக எல்லா ஸ்லைடுகளிலும் வரும். அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் 1953இல் அவருடைய மகன், அவரும் தாமஸ் வாட்சன்தான், பங்குதாரர் கூட்டத்தில் ஐபிஎம் 701 பற்றிப் பேசும்போது, ஐந்து இயந்திரங்களுக்கு ஆர்டர் கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போனோம், 18 கிடைத்தது என்று சொன்னார். வெற்றியைப் பற்றிச் சொன்னது காலப்போக்கில் முட்டாள்தனத்துக்கு உதாரணமாக மாறியிருக்கலாம். எந்த மேற்கோளையும், யார் சொன்னது, எங்கே, எந்தத் தாளில் அச்சானது என்று மூன்றும் தெரியாமல் கட்டுரையில் போடாதீர்கள்.

இனி டெர்ம் பேப்பர். ‘இணையத்தின் வரலாறு’, ‘செயற்கை நுண்ணறிவின் வளர்ச்சி’ என்றெல்லாம் தலைப்பு வைத்தால் விக்கிபீடியாவின் சுருக்கம்தான் வரும், அது படிக்கிற ஆசிரியருக்கு முதல் பாராவிலேயே தெரிந்துவிடும். ஒரு இயந்திரம், ஒரு நிறுவனம், ஐந்து வருடம், இந்த அளவுக்குச் சுருக்குங்கள். வெளிநாட்டு விஷயம் என்றால் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் பாபேஜ் நிலையமும் கலிஃபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகமும் நூற்றுக்கணக்கான வாய்மொழிப் பேட்டிகளை இலவசமாகப் போட்டிருக்கின்றன, பிட்சேவர்ஸ் தளத்தில் பழைய கையேடுகளின் ஸ்கேன்கள் குவிந்து கிடக்கின்றன. பேட்டி கொடுப்பவர் நாற்பது வருடம் கழித்து நினைவிலிருந்து பேசுகிறார் என்பதை மறக்காமல், அதே விஷயத்துக்கு அந்தக் காலத்துக் கடிதமோ அறிக்கையோ ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லையென்றால் சந்தோஷப்படுங்கள், உங்கள் கட்டுரை அங்கேதான் இருக்கிறது.

இந்தியாவைப் பற்றி எழுத விரும்புகிறவர்களுக்கு இடம் தாராளம், எழுதியவர்கள் குறைவு. கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு 1955இல் பிரிட்டனிலிருந்து எச்இசி-2எம் என்ற கணினி வந்தது. மும்பையில் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம் தானே ஒன்றைக் கட்டியது, மாதிரி 1956இல் ஓடியது, முழு இயந்திரம் 1960இல் செயல்பாட்டுக்கு வந்தது, 1962இல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் வைத்தார். அந்த அணியை நடத்தியவர் ஆர். நரசிம்மன், சென்னைக்காரர், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். கான்பூர் ஐஐடிக்கு 1963இல் ஐபிஎம் 1620 வந்தபோது பின்னால் ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த ஒரு திட்டம் இருந்தது. 1978இல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியது, வெளிநாட்டுப் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்ன சட்டத்துக்கு இணங்காததால். இவற்றில் எதை எடுத்தாலும் யார் காசு, யார் வேலை, யாருக்குப் பயம் என்ற கேள்விகள் உடனே முளைக்கும். மக்களவை விவாதங்கள் இணையத்தில் கிடைக்கின்றன, நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 1970களில் அரசுத் துறைகளின் கணினிமயமாக்கல் பற்றி அறிக்கையே கொடுத்திருக்கிறது, கணினி வந்தால் வேலை போகும் என்று தொழிற்சங்கங்கள் நடத்திய போராட்டங்கள் பழைய செய்தித்தாள்களில் இருக்கின்றன. மாணவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம் போவதே இல்லை என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

தமிழ் தெரிந்தவருக்கு மட்டுமே எழுத முடிகிற ஒரு தலைப்பும் இருக்கிறது, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியாக்கத்துக்கு முந்தைய தமிழ்க் கணிமை. 1990களில் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியாக்கம் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற பட்டியல்), ஒருவர் தட்டியதை இன்னொருவர் திறந்தால் வெறும் கிறுக்கல். டிஸ்கி என்ற குறியாக்கம் மின்னஞ்சல் குழுக்களில் விவாதித்து உருவானது, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியாக்கங்களும் வந்தன, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இந்தக் குழப்பத்துக்கு நடுவிலேயே இலக்கியங்களைத் தட்டச்சு செய்து ஏற்றியது. சிங்கப்பூர், மலேசியா, சுவிட்சர்லாந்து, இலங்கை, அமெரிக்கா என்று பல நாட்டில் இருந்தவர்கள் சம்பளம் இல்லாமல் செய்த வேலை. அதில் பங்கெடுத்த பலர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள், கேட்டால் பேசுவார்கள்.

அவர்களைப் பேட்டி எடுப்பதாக இருந்தால் ‘உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்’ என்று ஆரம்பிக்காதீர்கள், விழாவில் பேசுவதைத்தான் பேசுவார்கள். அந்தக் காலத்து ஃப்ளாப்பி, பிரிண்ட்அவுட், விசைப்பலகை ஸ்டிக்கர், எதாவது இருந்தால் எடுத்துவரச் சொல்லி, அதைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்: இதை எந்த மெஷினில் செய்தீர்கள், எந்த சாஃப்ட்வேர், யார் கொடுத்தார்கள், ‘ஙௌ’ எப்படி அடிப்பீர்கள், எது வேலை செய்யவில்லை. தேதி கேட்டால் தடுமாறுவார்கள், அந்த வருடம் எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால் தேதி தானாக வரும். பழைய கோப்பு ஏதாவது கொடுத்தால் அதற்குரிய எழுத்துருக் கோப்பையும் மறக்காமல் வாங்குங்கள், அது இல்லாமல் அந்தக் கோப்பைப் படிக்கவே முடியாது, யூனிகோடுக்கு மாற்றியது ஒரு பிரதி, மாற்றாத மூலம் ஒரு பிரதி என்று இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலிப்பதிவுக்கும் பயன்படுத்துவதற்கும் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள், கட்டுரை மதிப்பெண் வந்த பிறகும் பதிவை அழித்துவிடாமல் ஒரு பிரதியைத் துறை நூலகத்தில் கொடுத்து, பேசியவர் பெயர், தேதி, இடம், பேசிய விஷயம் நான்கையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கூடவே வைத்துவிடுங்கள். அடுத்த வருடம் அதே பாடத்தை எடுப்பவருக்கு அது முதல்நிலை ஆவணம்.